இலாபம் எங்கே போயிற்று?

வேலை தேடிச் செல்லும் இளைஞரிடம் ஊர் எது, என்ன படித்தீர், என்ன அனுபவம் என்று கேட்டு முடித்துவிடும் பேட்டிகள் பல உண்டு. வேறு வகைப் பேட்டியும் ஒன்று உண்டு. பிற தொழில் நிறுவனங்களுக்கு யோசனை சொல்வதையே தொழிலாகக் கொண்ட கம்பெனிகள் அதை நடத்துகின்றன. அமெரிக்காவில் 1926-இல் தோன்றிய மெக்கின்சி, 1963-இல் தோன்றிய பாஸ்டன் கன்சல்டிங் குரூப், 1973-இல் தோன்றிய பெய்ன் ஆகியவை இவற்றுள் பெயர் பெற்றவை. நம் நாட்டின் பெருநகரங்களிலும் இவற்றுக்கு அலுவலகங்கள் இருக்கின்றன. இவை ஆளெடுக்கும்போது, ஏதேனும் ஒரு தொழிலுக்கு நேர்ந்த சங்கடத்தை எடுத்துரைத்து, "காரணம் யாது? செய்யத்தக்கது யாது?" என்று கேட்கின்றன. இதற்குக் 'கேஸ் இன்டர்வியூ' என்று பெயர். ஏறக்குறைய அரை மணி நேரம், ஒரு தாள், ஒரு பென்சில், அவ்வளவே கருவி. கணக்கைப் பெரும்பாலும் மனத்தாலும் கையாலுமே போடவேண்டும்.

உண்மைத் தொழில்களின் நிலைமையை வைத்து விவாதித்துக் கற்பிக்கும் முறையை உலகறியச் செய்தது, 1908-இல் தொடங்கிய ஹார்வர்டு வணிகப்பள்ளி. அப்பள்ளியின் ஒத்துழைப்போடு 1961-இல் நிறுவப்பெற்ற அகமதாபாத் மேலாண்மைக் கழகமும் அம்முறையையே மேற்கொண்டது. பாடத்தில் உள்ள அம்முறைக்கும் பேட்டியில் உள்ள இம்முறைக்கும் உறவு மிக நெருக்கமானது.

மும்பையிலும் டில்லியிலும் கொல்கத்தாவிலும் அந்தமானிலும் குடியேறிய நம்மவர் வீடுகளில் படித்துப் பட்டம் பெற்று வெளிவரும் பிள்ளைகள் இத்தகைய பேட்டிகளுக்குச் செல்கின்றனர். வீட்டில் ஓர் அண்ணனோ மாமாவோ அத்தொழிலில் இருந்தால் வழி சொல்லுவார். நம் குடும்பங்கள் பலவற்றில் அப்படி ஒருவர் இல்லை. ஆனால் கடை வைத்தவரும், மெஸ் நடத்தியவரும், லாரி ஓட்டியவரும் நம்மிடையே ஏராளம். அவர்கள் நாள்தோறும் போட்ட கணக்கின் விரிவே இப்பேட்டிக் கணக்கு. அதை ஒழுங்காக எடுத்துச் சொல்லும் முறையை மட்டும் நாம் பழகிக்கொள்ள வேண்டும்.

படகுத்துறையில் ஒரு கணக்கு

அந்தமான் தலைநகரை நம்மில் பலர் போர்ட் பிளேர் என்றே அறிவோம். 2024 செப்டம்பரில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயர் அறிவிக்கப்பட்டது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அத்தீவுகளில் நூற்றுக்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாக உடையவர்கள். அந்நகரின் ஃபீனிக்ஸ் பே என்னும் பகுதியில், தீவுக்குத் தீவு செல்லும் அரசுக் கப்பல்களின் துறையும், கப்பல்களைப் பழுது பார்க்கும் மரைன் டாக்யார்டும் அமைந்துள்ளன. 2018 வரை ஹேவ்லாக் என்றும் நீல் என்றும் வழங்கி, இப்போது ஸ்வராஜ் துவீப், ஷஹீத் துவீப் எனப் பெயர் பெற்ற தீவுகளுக்கு இத்துறையிலிருந்து கப்பலேறலாம். ஸ்வராஜ் துவீப் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவு. அக்கடற்பாதையில் தனியார் விரைவுக் கப்பல்களும் ஓடுகின்றன.

இப்பாதையை மனத்தில் கொண்டு ஒரு கற்பனைக் கம்பெனியை அமைத்துக்கொள்வோம். இனி வரும் இலக்கங்கள் யாவும் கணக்குக்காக நாமே வைத்துக்கொண்டவை. பேட்டி காண்பவர் சொல்கிறார்: "ஒரு தனியார் கம்பெனி 200 இருக்கைகள் கொண்ட ஒரு கப்பலை ஓட்டுகிறது. சென்ற ஆண்டு இலாபம் 1 கோடியே 60 லட்சம். இவ்வாண்டு 76 லட்சம். என்ன நேர்ந்தது? என்ன செய்யலாம்?"

அவசரக்காரர் உடனே விடை கூறத் தொடங்குவார். "டீசல் விலை ஏறியிருக்கும், ஆட்களைக் குறைக்கலாம், விளம்பரம் செய்யலாம்" என்று அடுக்குவார். இவற்றுள் ஒன்று தற்செயலாகச் சரியாக அமையவும் கூடும். ஆயினும் பேட்டி காண்பவர் தேடுவது அந்தத் தற்செயலை அன்று. தெரியாத ஒரு தொழிலில், தெரிந்த படிகளை வைத்து ஏறிச் செல்லும் திறன் உண்டா என்பதையே அவர் பார்க்கிறார். வைத்தியர் நாடி பிடிக்குமுன் மருந்தரைக்கத் தொடங்கினால் நாம் அவரிடம் மறுமுறை செல்வோமா?

கேட்டுத் தெளிதல்

ஆகவே முதற்படி, கேள்வியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொள்வது. "இலாபம் ஓராண்டில் 84 லட்சம் குறைந்திருக்கிறது, காரணமும் பரிகாரமும் வேண்டும், சரிதானே?" என்று கேட்பதில் குறைவொன்றும் இல்லை. பின் மூன்று நான்கு வினாக்கள் போதும். இவ்வீழ்ச்சி திடீரென வந்ததா, சிறுகச் சிறுக வந்ததா? இக்கம்பெனிக்கு மட்டும் வந்ததா, அப்பாதையில் ஓடும் எல்லோர்க்கும் வந்ததா? உரிமையாளர் விரும்புவது இலாபத் தொகையையா, போட்ட முதலுக்குரிய விகிதத்தையா? எவ்வளவு காலத்துக்குள் மீள விரும்புகிறார்?

இவற்றுள் இரண்டாம் வினா மிகவும் பயன் தருவது. எல்லோர்க்கும் நேர்ந்திருப்பின் காரணம் வெளியே இருக்கும்: பயணிகள் வரத்தே குறைந்திருக்கலாம், எரிபொருள் விலை ஏறியிருக்கலாம், அரசாணை மாறியிருக்கலாம். இவர்க்கு மட்டும் நேர்ந்திருப்பின் வீட்டுக்குள்ளே தேடவேண்டும். நம் கணக்கில், "மற்றவர்கள் முன்போலவே இருக்கிறார்கள், இவர் ஒருவர்க்குத்தான் இவ்வீழ்ச்சி" என்று விடை வருகிறது. தேடவேண்டிய இடம் பாதியாகச் சுருங்கிவிட்டது.

வரவும் செலவும்

இலாபமாவது வரவிலிருந்து செலவைக் கழித்தால் எஞ்சுவது. இதை அறியாதவர் இலர். ஆயினும் வரவு குறைந்ததா, செலவு கூடியதா, இரண்டும் நேர்ந்தனவா என்று முதலில் பிரித்துக் கேட்பவர் சிலரே. வரவு என்பது விலையை அளவால் பெருக்கி வருவது. செலவு என்பது வேலை நடந்தாலும் நடவாவிட்டாலும் நிற்கும் நிலைச்செலவும், வேலைக்கேற்ப ஏறி இறங்கும் மாறுஞ்செலவும் சேர்ந்தது. இவ்வளவும் எந்த நூலிலும் கிடைக்கும்.

நூலில் உள்ளதை அப்படியே ஒப்பித்தால் மதிப்பு வாராது. எதிரில் உள்ள தொழிலுக்கு ஏற்ப அதை வளைத்துக்கொள்ள வேண்டும். கப்பலுக்கு வரவு எப்படி வருகிறது? ஆண்டில் எத்தனை நடை, நடைக்கு எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு கட்டணம் என்ற மூன்றின் பெருக்கமாக வருகிறது. செலவு எப்படிப் போகிறது? இங்கே இரண்டு வகை போதாது. மூன்று வகை வேண்டும். மாலுமிகளின் சம்பளம், இன்ஷூரன்ஸ், ஆண்டுப் பழுதுபார்ப்பு ஆகியவை ஆண்டைப் பொறுத்தவை. டீசலும் துறைக் கட்டணமும் நடையைப் பொறுத்தவை. டிக்கெட்டு விற்பவர்க்குரிய கமிஷன் போன்றவை பயணியைப் பொறுத்தவை. கப்பலில் 20 பேர் ஏறினாலும் 200 பேர் ஏறினாலும் டீசல் ஏறக்குறைய ஒன்றே. இந்த ஒரு செய்தியை உணர்ந்துவிட்டால் கப்பல் தொழிலின் பாதி மர்மம் விளங்கிவிடும். பஸ்ஸுக்கும், விமானத்துக்கும், சினிமாக் கொட்டகைக்கும் இதுவே நியாயம்.

இப்போது இலக்கம் கேட்போம். பேட்டி காண்பவர் தருகிறார்: கட்டணம் இரண்டாண்டும் தலைக்கு 1,000 ரூபாய். சென்ற ஆண்டு 500 நடை. இவ்வாண்டு 640 நடை. பயணிகள் இரண்டாண்டும் 80,000 பேர். ஆண்டுச் செலவு 3 கோடி. நடைக்கு 60,000 ரூபாய். பயணிக்கு 50 ரூபாய்.

தாளில் எழுதிப் பார்ப்போம். வரவு இரண்டாண்டும் 8 கோடி; அதில் மாற்றமில்லை. பயணியைப் பொறுத்த செலவு இரண்டாண்டும் 40 லட்சம். ஆண்டுச் செலவு இரண்டாண்டும் 3 கோடி. நடைச்செலவு மட்டும் 3 கோடியிலிருந்து 3 கோடியே 84 லட்சமாக ஏறியுள்ளது. இழந்த 84 லட்சமும் இங்கேயே அகப்பட்டுவிட்டது.

செலவு கூடியது என்று கண்டதும், "டீசலைச் சிக்கனம் செய்யுங்கள்" என்று முடிக்கத் தோன்றும். சற்றே நில்லுங்கள். நடைக்குரிய செலவு ஏறவில்லை; அது 60,000 ரூபாயாகவே நிற்கிறது. நடைகளின் தொகைதான் ஏறியது. எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும் என்பார்கள். எரிவது எது என்று இன்னும் ஒருபடி இறங்கிப் பார்க்கவேண்டும்.

சராசரி காட்டும் மாயம்

அந்தமான் பாதையில் காலத்தைக் கேளாமல் எதையும் முடிவு செய்யலாகாது. குளிர்காலத்திலும் கோடைத் தொடக்கத்திலும் சுற்றுலாப் பயணிகள் பெருகுவர். மே மாதத்துக்குப் பின் தென்மேற்குப் பருவமழையால் கடல் கொந்தளிக்கும், கூட்டம் குறையும். எனவே, "நடைகளைப் பருவவாரியாகப் பிரித்துச் சொல்ல இயலுமா?" என்று கேட்கிறோம். விடை வருகிறது. நல்ல பருவத்தில் இரண்டாண்டும் 300 நடை. நடைக்கு 190 பேர். மழைப்பருவத்தில் சென்ற ஆண்டு 200 நடை, நடைக்கு 115 பேர். இவ்வாண்டு 340 நடை, நடைக்கு ஏறக்குறைய 68 பேர். கூட்டிய 140 நடைகளும் மழைப்பருவத்தில் கூட்டப்பட்டவை.

ஒரு நடை தன் செலவைத் தானே ஈடுகட்ட எத்தனை பேர் வேண்டும்? பயணி ஒருவர் தருவது 1,000, அவர்க்காகச் செலவாவது 50, மிச்சம் 950. 60,000-ஐ 950-ஆல் வகுத்தால் 63-க்குச் சற்று மேல். அதாவது 64 பேர். மழைப்பருவச் சராசரியோ 68. "ஒவ்வொரு நடையும் தன் செலவை ஈட்டிவிடுகிறது, ஆகவே குற்றமில்லை" என்று கணக்குப்பிள்ளை சொல்லக்கூடும். சராசரி அவரை ஏமாற்றிவிட்டது. மழைப்பருவப் பயணிகள் சென்ற ஆண்டும் 23,000 பேரே. இவ்வாண்டும் 23,000 பேரே. புதிய 140 நடைகள் புதிய பயணி ஒருவரையும் கொண்டுவரவில்லை. முன்னர் 200 நடைகளில் சென்றவர்கள் இப்போது 340 நடைகளில் பரந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒன்றைக் கூட்டும்போது அதனால் கூடியது என்ன என்று பார்க்கவேண்டுமேயன்றி, மொத்தத்தின் சராசரியைப் பார்த்துத் திருப்தி கொள்ளலாகாது.

தேர்ந்த விண்ணப்பதாரர் இங்கும் முடித்துவிட மாட்டார். "இந்நடைகளை ஏன் கூட்டினார்கள்?" என்று கேட்பார். "போட்டிக் கப்பலொன்று அதே பருவத்தில் ஓடத் தொடங்கியது" என்று விடை வந்தால் நிலைமை மாறுகிறது. நடைகளைக் கூட்டாதிருந்தால் 23,000 பேரும் நம்மோடு இருந்திருப்பார்களா? சிலர் அக்கப்பலுக்குப் போயிருக்கக்கூடும். எத்தனை பேர் போயிருந்தால் 84 லட்சச் செலவு நியாயமாகும்? 84 லட்சத்தை 950-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 8,850 பேர். மழைப்பருவப் பயணிகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருப்பார்கள் என்று நம்பக் காரணம் இருந்தால் நடைகளை விட்டுவைக்கலாம், இல்லையேல் குறைக்கலாம். எந்த எண்ணைத் தேடவேண்டும் என்று உரிமையாளர்க்குச் சொல்லிவிட்டோம். நல்ல ஆலோசனைக்கு இதுவே அடையாளம்.

பரிகாரமும் இக்காரணத்திலிருந்தே பிறக்கும். மழைப்பருவ நடைகளில் ஆளில்லாதவற்றை நிறுத்தலாம். நல்ல பருவத்தில் 200 இருக்கைகளில் 190 நிரம்புகின்றனவாதலால், இடமின்றித் திரும்புவோர் உண்டா என்று அறிந்து, அங்கே சில நடைகளைக் கூட்டலாம். அல்லது அப்பருவக் கட்டணத்தைச் சிறிது உயர்த்தலாம். ஒவ்வொன்றிலும் உள்ள இடரையும் உடன் கூறவேண்டும். கட்டணம் உயர்ந்தால் போட்டிக் கப்பலுக்குப் போவோர் எத்தனை பேர் என்பது அத்தகைய இடர்.

யாருக்காக இந்தக் கப்பல்?

இதே கணக்கை ஃபீனிக்ஸ் பே துறையில் நிற்கும் அரசுக் கப்பலுக்குப் போட்டால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் பாதி காலியாக ஓடும் நடையை நிறுத்தச் சொல்லும். ஆனால் அந்நடையில்தான் நோயாளி தலைநகர் ஆஸ்பத்திரிக்கு வருகிறார். மாணவர் கல்லூரிக்கு வருகிறார். தீவுவாசிகளுக்குச் சலுகைக் கட்டணமும் மற்றையோர்க்கு வேறு கட்டணமும் வைத்து அரசு அதை நடத்துகிறது. டிக்கெட்டு வரவால் செலவு முழுவதும் கட்டவேண்டும் என்பது அதன் நோக்கம் அன்று. ஆகவே, நிறுவனம் யாருடையது, எதற்காக நடக்கிறது என்னும் வினாவை முதலிலேயே கேட்டுவிடவேண்டும். இலாபமே நோக்கமாக இராத இடத்தில் கேள்வி, "ஒரே சேவையைக் குறைந்த செலவில் எங்ஙனம் தருவது?" என்று மாறிவிடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது அங்கே பொருந்தும் விதி.

தீவுகளில் நடந்த ஒன்று

கற்பனையை விட்டு, அந்தமானில் நிகழ்ந்த ஒரு வரலாற்றைப் பார்ப்போம். 1977-இல் அங்கு அரசு நிறுவனமாக வன, தோட்ட வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. அதற்குத் தொழில் மூன்று: காட்டு மரம் வெட்டுதல், சிறிய அந்தமானில் செம்பனைத் தோட்டம், நிக்கோபார் தீவுகளுள் ஒன்றான கச்சாலில் ரப்பர்த் தோட்டம். வரவின் பெரும்பகுதி மரத்திலிருந்தே வந்தது. மரவேலை நடந்த காலத்தில் கழகம் இலாபத்தில் இருந்தது. காடுகளைக் காக்கும் பொருட்டு 2001, 2002 ஆம் ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணைகளால் மரவேலை நின்றது. அதன்பின் கழகம் நஷ்டத்திலேயே நடந்தது. 2017-இல் அதை மூடுவதற்கு மத்திய அமைச்சரவை இசைந்தது.

இதைப் பேட்டிக் கேள்வியாகத் தந்தால் நாம் எங்ஙனம் ஆராய்வோம்? மொத்த வரவு செலவைப் பார்ப்பதற்கு முன் மூன்று தொழில்களையும் தனித்தனியே நிறுத்திப் பார்க்கவேண்டும். மரத்தின் இலாபம் மற்ற இரண்டின் நிலைமையைப் பல்லாண்டு மறைத்துவந்தது. வரவு நின்றதற்குக் காரணம் விலையும் அன்று, வாங்குவோர் இன்மையும் அன்று, சட்டம். எனவே விளம்பரமும் விலைக்குறைப்பும் பயனற்றவை. ரப்பரின் விலையைச் சந்தை நிர்ணயிக்கிறது. ஒரு சிறு தீவுத் தோட்டம் அதை உயர்த்த முடியாது. எஞ்சுவது செலவைக் குறைப்பது ஒன்றே. தோட்டத் தொழிலில் செலவின் பெரும்பங்கு கூலி.

இவ்விடத்தில் கணக்குக்கு அப்பாலும் பார்க்கவேண்டியிருக்கிறது. 1964-இல் சாஸ்திரியும் சிரிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பின், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழ்க் குடும்பங்களுக்குப் பிழைப்பளிக்கும் இடமாகக் கச்சால் ரப்பர்த் தோட்டம் அமைந்தது. அத்தீவு 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் பெரும் உயிர்ச்சேதம் கண்டது. "செலவைக் குறைக்கவேண்டும்" என்று தாளில் எழுதும் இரண்டு சொல், அத்தகைய ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தொடும் சொல் ஆகும். நஷ்டத்தை மறைக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. நோயின் இடத்தைச் சரியாகக் கண்டறியாமல் கூலியில் கை வைத்தால், நஷ்டமும் தீராது, குடும்பமும் கெடும். ஒரே வரவை நம்பி நிற்கும் நிறுவனத்துக்கு, அவ்வரவு நன்றாக இருக்கும் காலத்திலேயே எச்சரிக்கை சொல்பவனே நல்ல ஆலோசகன்.

பழகும் முறை

இப்பேட்டிக்குப் பழகப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மாதுங்காவில் மெஸ் நடத்தும் சித்தப்பாவிடமோ, பெங்களூரில் காய்கறிக்கடை வைத்திருக்கும் அத்தையிடமோ உட்கார்ந்து கேளுங்கள். நாளைக்கு எத்தனை சாப்பாடு? எந்த நாளில் மிஞ்சுகிறது? ஆள் வராவிட்டாலும் நிற்காத செலவு எது? ஒரு சாப்பாடு கூடினால் கூடும் செலவு எவ்வளவு? பத்துக் கடைகளை இவ்வாறு கேட்டறிந்தவர்க்கு எந்தத் தொழிலும் அந்நியமாகத் தோன்றாது.

பின் நண்பர் ஒருவரை எதிரில் அமர்த்தி வாய்விட்டுச் சொல்லிப் பழகவேண்டும். மௌனமாகக் கணக்குப் போட்டு விடையை மட்டும் சொன்னால், நாம் வந்த வழி அவருக்குத் தெரியாது. பேட்டி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கும். தமிழில் படித்தவர் இதற்கு அஞ்சவேண்டாம். எண்ணுவதைத் தமிழில் எண்ணி, சொல்வதைச் சிறு சிறு வாக்கியமாகச் சொன்னால் போதும். 10 லட்சம் ஒரு மில்லியன், 1 கோடி பத்து மில்லியன், 100 கோடி ஒரு பில்லியன் என்பதை மட்டும் தடையின்றி மாற்றப் பழகுங்கள். பூஜ்யங்களில் தடுமாறினால் நல்ல சிந்தனையும் மங்கிவிடும்.

நேரம் முடியும் தறுவாயில், "உரிமையாளர் வந்துவிட்டார், சுருக்கமாகச் சொல்லும்" என்பார்கள். அப்போது ஆராய்ந்த வழியையெல்லாம் மீண்டும் விரிக்கலாகாது. முடிவை முதலில் வைக்கவேண்டும். "மழைப்பருவத்தில் கூட்டிய 140 நடைகளால் 84 லட்சம் போயிற்று. புதிய பயணிகள் வரவில்லை. அந்நடைகளைப் படிப்படியாகக் குறைக்கலாம். போட்டிக் கப்பலால் 8,850 பேருக்கு மேல் இழக்க நேருமா என்பதை ஒரு மாதத்தில் விசாரித்துக்கொண்டு இறுதி முடிவு செய்யலாம்." இவ்வளவே. காரணம், சான்று, பரிகாரம், இடர், அடுத்த வேலை ஆகிய ஐந்தும் இதில் அடங்கிவிட்டன.

வெளியூரில் பிழைக்க வந்த நம் முன்னோர் பலர் கணக்கைக் கையெழுத்து நோட்டிலும் விரல் மடக்கிலும் வைத்துக்கொண்டு தொழிலை நிலைநிறுத்தினார்கள். எது போனது, எங்கே போனது, ஏன் போனது என்று இரவில் விளக்கருகே உட்கார்ந்து கேட்டுக்கொண்டார்கள். அவர்களுடைய பிள்ளைகள் அதே மூன்று வினாக்களை ஒரு தாளோடு பேட்டி அறைக்கு எடுத்துச் செல்லலாம்.